42 நாளில் காலாவதியாகும் பாஸ்வேர்டு யாரைக் காக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதையொட்டித் தறிச் சத்தம் அடங்கும், லுங்கிக் கடைகள் மூடும், வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் வீடு வந்து சேரும். கூட்டம் கலைந்து கடைகள் திறக்கிற வாரம், கணினி பழுதுபார்க்கும் எங்களுக்கு ஒரு தனி சீசன். "லீவுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு உள்ளயே வுட மாட்டேங்குது" என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வருகிறவர்களில் பலருக்கு வைரஸ் பயம். சிலருக்கு வீட்டுப் பையன் ஏதோ நோண்டிவிட்டான் என்ற கோபம். போட்டுப் பார்த்தால் திரையில் இருப்பது பல நேரம் ஒரே வாக்கியம்தான்: உள்ளே நுழையும் முன் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும் என்று ஆங்கிலத்தில். பாஸ்வேர்டை யாரும் மறக்கவில்லை. யாரும் திருடவும் இல்லை. அதற்கு வைத்த கெடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இந்தக் கெடு வைக்கிற வழக்கத்தையே விட்டொழிக்க வேண்டும் என்று அலுவலகங்களுக்கும் கம்பெனிகளுக்கும், எங்களைப் போலக் கணினி அமைத்துக் கொடுப்பவர்களுக்கும் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று லெட்டர்பேடில் அச்சடித்த காலத்தில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களுக்கு மெஷின் சர்வீஸ் செய்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். ரெமிங்டன் மெஷின் ஒருநாளும் 'நீ யார்' என்று கேட்டதில்லை. கணினி கேட்கிறது, கேட்கத்தான் வேண்டும். நேற்று அடையாளம் கண்டுகொண்ட ஆளை இன்று வாசலில் நிறுத்துவதில்தான் எனக்குச் சண்டை.

பிச்சனூர் பக்கம் தறி வைத்து லுங்கி நெய்ய விடுகிற ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். சனிக்கிழமை கூலி நாள். யாருக்கு எத்தனை பாவு கொடுத்தது, எத்தனை உருப்படி வந்தது, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் எல்லாம் கணினியில். "இன்னா அண்ணே, கணக்கு ஃபுல்லா அதுலதான் கீது. ஃபார்மட் அடிச்சாத்தான் ஆவும்னு சொல்லிட்டாங்க. நாளிக்கு ஆளுங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?" என்றார். ஃபார்மட் என்றால் வட்டில் (ஹார்ட் டிஸ்க்) இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. கெடு முடிந்த பாஸ்வேர்டுக்கு அது தேவையே இல்லை. பழைய பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் போதும். அந்த அறிவிப்பில் ஓகே கொடுத்தால் அடுத்த திரையில் பழையதை ஒருமுறையும் புதியதை இருமுறையும் கேட்கும். கொடுத்தால் திறந்துவிடும். ஐந்து நிமிட வேலைக்கு யாரோ ஒருவர் வட்டையே துடைக்கப் பார்த்திருக்கிறார்.

ஆனால் அவருக்கு அந்த ஐந்து நிமிடத்தில் ஆகவில்லை. பழைய பாஸ்வேர்டைத் தப்பு என்றது. அவர் சாமி மேல் சத்தியம் செய்கிறார், இதுதான் என்று. உள்நுழையும் திரையின் கீழ் வலது மூலையைப் பார்த்தேன், தமிழ் என்று நின்றது. தறிக் கணக்கைத் தமிழில் அடிப்பதற்காக விண்டோஸிலேயே வருகிற தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருக்கிறார்கள். உள்நுழையும் திரையிலும் அதுதான் முன்னால் வந்து நின்றிருக்கிறது. ஆங்கில எழுத்து என்று நினைத்து இவர் தட்டத் தட்ட உள்ளே போனதெல்லாம் தமிழ் எழுத்து. திரையில் தெரிவது கரும்புள்ளி, யாருக்குத் தெரியும்? விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினேன், முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் வரும், அதை அழுத்திக்கொண்டால் அடித்தது எழுத்தாகவே தெரியும். தமிழில் வேலை செய்கிற எல்லாரும் இந்த இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1999லேயே தமிழ்நாட்டு அரசு தமிழுக்கென்று விசைப்பலகைத் தரம் வகுத்தது. அதைப் பழகியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம் வருகிறது.

கெடு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். காரணம் அவருடைய அக்கா மகன், வேலூரில் படிக்கிற பையன். கணக்கு எழுத வருகிற பெண்ணுக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கைக் கட்டளை அடித்து உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். நல்ல காரியம்தான். அப்படி உருவாக்கும்போது 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்', அதாவது பாஸ்வேர்டு காலாவதியாகாது, என்பதைச் சேர்க்காமல் விட்டால், விண்டோஸ் தானாக வைத்துக்கொள்ளும் கெடு 42 நாள். முடிவதற்கு ஐந்து நாள் முன்னதாகத் திரையோரம் நினைவூட்டும், அதுவும் உள்நுழையும் நேரத்தில், ஆங்கிலத்தில். நம் ஊர்க் கடைகளில் கணினியை யார் தினம் அணைக்கிறார்கள்? மானிட்டரை அணைத்துவிட்டுப் போவார்கள். திருவிழாவுக்குத்தான் மெயினை இறக்குவார்கள். திரும்பி வந்து போட்டதும் கெடு தாண்டியிருக்கும். சிரசு முடிந்த வாரம் எனக்கு ஏன் சீசன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு வகை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்பார்கள். மின்சாரம் இல்லாதபோதும் கணினிக் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால், மெயினை இறக்கி ஏற்றியதும் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடும். அந்தப் பழைய தேதியிலேயே ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுவார். கணினி 'இது அந்த வருஷம் வைத்த பாஸ்வேர்டு' என்று குறித்துக்கொள்ளும். மத்தியானம் வேறொருவர் தேதி தப்பாக இருக்கிறதே என்று திருத்துவார். அடுத்த முறை உள்ளே நுழையப் போனால், காலையில் வைத்த பாஸ்வேர்டுக்கு மத்தியானமே பல வருஷம் வயதாகியிருக்கும்! மறுபடியும் காலாவதி. "பேய் புடிச்சிருக்குது" என்று சொல்லியே ஒருவர் கொண்டுவந்தார். மருந்து அந்தச் சின்ன பேட்டரிதான். மாற்றிவிட்டு, முதலில் தேதி, அப்புறம் பாஸ்வேர்டு.

நிறைய தடவை தப்பாக அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11இன் 2022 பதிப்பிலிருந்து புதிதாக ஏற்றிய கணினிகளில், பத்து முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்வதே இயல்பான அமைப்பு. அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது. பதறாமல் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பதறுகிறவர்கள்தான் ஃபார்மட்டுக்குத் தலையாட்டுகிறார்கள்.

நிஜமாகவே மறந்துபோனவர்களுக்கும் ஃபார்மட் கடைசி வழிதான். அதே கணினியில் நிர்வாகி உரிமையுள்ள இன்னொரு கணக்கு இருந்தால் அதில் நுழைந்து மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிற கணினி என்றால் கைப்பேசியிலிருந்தே புதுப் பாஸ்வேர்டு வாங்கலாம். கணினிக்குள்ளேயே இருக்கிற கணக்கு என்றால், 2018க்குப் பிறகு வந்த பதிப்புகளில் மூன்று ரகசியக் கேள்விகள் வைத்திருப்பார்கள். ஆனால் மாற்றுவது வேறு, அழித்துவிட்டுப் புதிதாக வைப்பது வேறு. பழையதைத் தெரிந்து மாற்றினால் எதுவும் போகாது. இன்னொரு கணக்கிலிருந்து வலிந்து மாற்றினால், விண்டோஸ் தன் முறையில் மறையாக்கம் செய்து வைத்த கோப்புகளும், சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகளும் கைவிட்டுப் போகலாம். புதிய லேப்டாப்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு பலருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் கிடக்கும். கழற்றும் முன் அதை எடுத்து ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். பென் டிரைவ் போட்டு பாஸ்வேர்டைக் காலி செய்கிற வித்தைகளும் உண்டு, இங்கே விளக்கப் போவதில்லை. உரிமையாளர் நேரில் வராமல், வாங்கிய பில்லைக் காட்டாமல் என் கடையில் அந்த வேலை நடக்காது. இதனால் போன வாடிக்கையாளர்கள் உண்டு, போகட்டும்.

தனி ஆள் பாடு இப்படி என்றால் கம்பெனிப் பாடு இன்னும் மோசம். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ, தோல் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர்கள் பலர் ராத்திரியில் வீட்டிலிருந்தபடி ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே இன்னொரு கணினியை இயக்கும் வசதி) வழியாக அலுவலக சர்வருக்குள், அதாவது பொதுக் கணினிக்குள், போகிறார்கள். நடுராத்திரி கெடு முடிந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து மாற்றவே முடியாது. இணைப்பு கிடைக்கும் முன்பே ஆளைச் சரிபார்க்கிற அமைப்பு என்பதால், காலாவதியான பாஸ்வேர்டை அது வாசலிலேயே தள்ளிவிடும், மாற்றுகிற திரை வரைக்கும் போக விடாது. யாராவது சர்வர் முன்னால் உட்கார்ந்தால்தான் விமோசனம். மாதக் கடைசியில், வரி ரிட்டர்ன் போட வேண்டிய நாளில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் கணக்கர்களைக் கேளுங்கள். கெடு முடிவதற்கு முன் உள்ளே இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மாற்றுகிற வழி வரும். அதைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஆள் இருப்பதில்லை.

அந்தக் கம்பெனிகளில் கணினிகள் ஒரே சர்வரோடு கட்டப்பட்டிருக்கும். சர்வரின் இயல்பான விதி, கடைசி 24 பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்திருப்பது. அதில் ஒன்றைத் திரும்ப வைத்தால் ஏற்காது. மாற்றியதை அன்றைக்கே மறுபடி மாற்றவும் விடாது. மனிதன் என்ன செய்வான்? ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒன்று. அடுத்த தடவை ஊர்ப் பெயர், பக்கத்தில் இரண்டு. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிய தினசரி காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் அந்த எண் மட்டும் எழுதியிருக்கும். பாதுகாப்பு அதிகாரி வந்தால் காலண்டரைப் பார்க்க மாட்டார், ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்.

இப்படித்தான் நடக்கும் என்பதை ஆராய்ந்தே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பழைய பாஸ்வேர்டுகளை வைத்து ஆய்வு செய்து 2010ல் வெளியிட்டார்கள். ஒருவரின் பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து முயற்சிக்குள் ஊகிக்க முடிந்தது. அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017ல் தன் வழிகாட்டியில் காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதியது. அந்த நிறுவனத்தின் பழைய வழிகாட்டியின் பாஸ்வேர்டு பகுதியை எழுதிய பில் பர், தான் செய்ததில் நிறைய விஷயங்களுக்கு இப்போது வருந்துகிறேன் என்று அதே 2017ல் பத்திரிகைக்குச் சொன்னார். 2019ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, பெரிய நிறுவனங்களுக்குப் பரிந்துரைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புப் பட்டியலிலிருந்து பாஸ்வேர்டு கெடுவை நீக்கியது. 2025ல் வந்த நிஸ்டின் அடுத்த பதிப்பு 'வேண்டாம்' என்பதைக் 'கூடாது' என்று இறுக்கிவிட்டது. பாஸ்வேர்டு வெளியே கசிந்தது தெரிந்தால் மட்டும் உடனே மாற்று என்கிறது.

நம் பக்கம்? 2022ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல், 45 நாளுக்கு ஒருமுறையாவது பாஸ்வேர்டை மாற்று என்றது. உலகம் கழற்றி வைத்த செருப்பை நாம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். விதி வைக்கிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: 45 நாள் என்று எழுதிவிட்டால் சரிபார்ப்பது சுலபம், கட்டம் போட்டு டிக் அடிக்கலாம். வேலையை விட்டுப் போன ஆளுக்கு இன்னும் பாஸ்வேர்டு தெரியுமா என்பதைக் கட்டம் போட்டுப் பார்க்க முடியாது, போய் விசாரிக்க வேண்டும்.

நான் போகிற இடங்களில் உண்மையான ஓட்டை அதுதான். தரணம்பேட்டையிலோ நெல்லூர்பேட்டையிலோ எந்தக் கடைக்குப் போனாலும், கணக்கு எழுதிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டார், பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான், பாஸ்வேர்டு அதேதான். எல்லாரும் ஒரே கணக்கில் நுழைகிறார்கள். மாற்ற வேண்டிய நாள் அது, ஆள் போகிற நாள். அன்று யாரும் மாற்றுவதில்லை. யாரும் எங்கும் போகாத ஒரு சாதாரண நாளில் கணினி தானாகக் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு கணக்கு, நீளமான ஒரு பாஸ்வேர்டு, பணம் புழங்குகிற இடத்தில் கைப்பேசிக்கு வருகிற இரண்டாம் சரிபார்ப்பு, ஆள் விலகினால் அன்றே அவர் கணக்கை முடக்குவது. இத்தனைக்கும் சேர்த்து என் கடையில் வாங்குகிற கூலி, ஒரு ஃபார்மட்டுக்குக் கேட்கிறதைவிடக் குறைவு.

பணம் செலுத்தும் கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கு, பாஸ்வேர்டு ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிற இடத்தில் 90 நாள் விதி இன்னும் தரப் பட்டியலில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். லுங்கிக் கணக்குக்கும் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் அடிக்கிற கணினிக்கும் அதை ஏன் மாட்ட வேண்டும்?

கெடுவை நிறுத்துவது கடினமில்லை. விண்டோஸ் ப்ரோ என்றால் கணினி மேலாண்மையில் பயனர் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரில் 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஹோம் பதிப்பில் அந்தச் சாளரம் கிடையாது. நிர்வாகியாகக் கட்டளைச் சாளரம் திறந்து நெட் அக்கவுண்ட்ஸ் (net accounts) என்று அடித்தால் இப்போது எத்தனை நாள் கெடு என்று காட்டும். அதே கட்டளையில் அதிகபட்ச வயதை அன்லிமிடெட் என்று மாற்றிவிடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்கள், 72 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல் என்று தாங்களே எப்போதோ டிக் போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். அலுவலகக் கணினி என்றால் நீங்களாக மாற்றாதீர்கள், பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். மேலே சொன்ன 2017, 2019, 2025 மூன்றையும் குறிப்பிட்டே கேளுங்கள்.

எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு கேட்டு நிற்கிற கணினி வந்தால் முதலில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வாடிக்கையாளருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஃபார்மட்தான் என்று முடிவானால், வட்டில் உள்ளதை எடுத்து வைத்தாயிற்று என்று அவர் கையெழுத்து வாங்கிய பிறகு கை வையுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று. சிபியூவை மட்டும் தூக்கி வராதீர்கள், கீபோர்டையும் கொண்டு வாருங்கள். உங்கள் கீபோர்டில் ஒரு எழுத்து செத்துக் கிடந்தால், என் கடைக் கீபோர்டில் திறக்கிற கணினி உங்கள் வீட்டில் மறுபடியும் திறக்காது. நீங்களும் திரும்ப வருவீர்கள், ஆட்டோக் கூலிதான் தண்டம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
நெல்லூர்பேட்டை, குடியாத்தம்,
வேலூர் மாவட்டம்.